எரிமலை இல்லாத ஊரில் எரிமலை காட்டியவர்

சவரிமுத்து அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் திருமானூர் பஸ் ஸ்டாண்டில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். போனில் பேசியவர் சென்னை ஜீப் சங்கத்தின் தலைவர். "மேடம், நம்ம எரிமலை அணைஞ்சிடுச்சு" என்று சொல்லி விம்மினார். மாரடைப்பில் ஒரு மனிதர் போய்விட்டார். அதைக்கூட இவர்களால் நேராகச் சொல்ல முடியவில்லை. மிச்ச இளநீரையும் குடித்து முடித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார் தலைவர். அதற்கு வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும். அண்ணன் ஒரு புளுகர். அவரோடு ஜீப்பில் குலுங்கிய உங்கள் எல்லோருக்கும் அது தெரியாமல் போனதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

காரை கிராமத்துப் பக்கம் மழை அறுத்துப்போட்ட அந்தச் செம்மண் மேடும் பள்ளமும் ஒரு காலத்தில் கடலடி. குனிந்தால் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கும். எரிமலை அங்கே வெடித்ததே இல்லை. அண்ணன் அங்கே பழைய ஜீப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், "நேத்து ராத்திரி வெடிச்ச மாதிரியே இருக்கு பாருங்க" என்று காட்டினார். நிலவியல் படித்த என்னை, இங்கிலீஷ் பேச ஆள் வேண்டுமென்று சேர்த்துக்கொண்டார். முதல் நாள் நான் கடலைப் பற்றிச் சொன்னேன். தொப்பி போட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். அவர் எரிமலை என்றார், கைதட்டினார்கள். திரும்பி வரும்போது, "கடலுக்கு எவன்மா கைதட்டுவான்? மெரினாவுல பாத்துட்டுத்தானே வரான்" என்றார். பிறகும் ஏன் அவரோடு இருந்தாய் என்று கேட்பீர்கள். அந்த மண்ணுக்குள் போக எனக்கு வேறு வண்டி கிடையாது.

புகை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையிலேயே போய் ஒரு வெடிப்புக்குள் நீறாத சுண்ணாம்புக் கல்லைப் போட்டு மண்ணால் மூடி வைப்பார். நீங்கள் வந்து நின்றதும், "பூமாதேவிக்குத் தாகமா இருக்கு" என்று பாட்டில் தண்ணீரை ஊற்றுவார். உஸ்ஸென்று சத்தம் வரும், ஆவி கிளம்பும். நீங்கள் அலறிக்கொண்டே வீடியோ எடுப்பீர்கள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய் பார்த்த சின்னப் பிள்ளைகூட இதற்கு ஏமாறாது. டாக்டர்களும் இன்ஜினியர்களும் ஏமாந்தீர்கள்.

அவருடைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பிடிக்காது. சரிசெய்யச் சொன்னால், "எதுக்கு? கல்லு இருக்குல்ல" என்பார். அந்தக் கல், சோற்றுத் தட்டு அகலத்துக்குச் சுருண்ட ஒரு கடல் நத்தை. அப்படி முழுசாக ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வண்டி நிற்கும்போதெல்லாம் அதைத்தான் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பார். ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அத்தனை காலம் மண்ணுக்குள்ள தாங்கிருச்சு, என் வண்டியத் தாங்காதா?" என்று சிரிப்பார்.

இதெல்லாம் வெறும் வேடிக்கையாகப் போயிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அந்தச் செம்மண் பள்ளங்களை ஒட்டிச் செல்லம்மா என்ற பெண்ணுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. கணவர் இல்லை. ஒரு வருடம் மழை ஏமாற்ற, மக்காச்சோளத்தைக் காப்பாற்றப் போர்வெல் போடுவதென்று முடிவு செய்து, திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து லாரியை வரவழைத்தாள். வந்தவர்கள் குழாயை இறக்க மறுத்துவிட்டார்கள். நீங்கள் போட்ட வீடியோவை அவர்களும் பார்த்திருந்தார்கள்.

செல்லம்மா ஜீப்பை மறித்து அழுதாள். "அண்ணே, நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. சோளம் கருகுது. அந்த லாரி போயிடுச்சுன்னா அப்புறம் எவனும் வரமாட்டான்."

போனோம். லாரி மேஸ்திரி, "உள்ள நெருப்பு இருக்குதுங்க. எங்க பசங்க உசுருக்கு யாருங்க பதில் சொல்றது?" என்றார். நான் முந்திக்கொண்டு, நெருப்பெல்லாம் இல்லை, இது பழைய கடல் என்று விளக்கினேன். மேஸ்திரி யோசித்துவிட்டு, "கடலுங்களா? அப்ப உப்புத் தண்ணிதானுங்களே வரும்? எதுக்குங்க வெட்டியா போர் ஓட்டிக்கிட்டு?" என்றார். செல்லம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

அண்ணனைப் பார்த்தேன். அந்தப் புகை வெறும் சுண்ணாம்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரோ ஒரு எலுமிச்சம்பழமும் சூடமும் கேட்டார். கழுத்தில் ஜெபமாலையோடு நிலத்தைச் சுற்றி வந்தார், குதிகாலால் உதைத்தார், மண்ணில் காதை வைத்துக் கேட்டார். "தூங்கிடுச்சு. என் பேரன் காலத்துக்கும் எந்திரிக்காது. ஓட்டுங்க" என்றார். ஓட்டினார்கள். பொழுது சாயும்போது தண்ணீர் வந்தது, நல்ல தண்ணீர். செல்லம்மா அவர் காலில் விழுந்தாள். அவரும் கூசாமல் ஆசீர்வாதம் செய்தார்.

ஜீப்பில் திரும்பினோம். அவரே கேட்டார்: "உண்மையச் சொல்லியிருந்தா அவன் என்னத் திட்டியிருப்பான்ல?"

"ஆமா."

"அதான் சொல்லல."

அவருடைய மொத்த தைரியமும் அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீங்கள் அவரை எரிமலையை அணைத்தவர் என்று கொண்டாடினீர்கள்.

ஏலாக்குறிச்சிப் பக்கம் அவர் சொந்த ஊரில் முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறைக்கு வெள்ளையடிக்கப் போனோம். ஜீப் சீட்டுக்கு அடியிலிருந்த டப்பாவில் மிச்சமிருந்த சுண்ணாம்புக் கல்லை வாளியில் கொட்டினேன். தண்ணீர் தேடியபோது, செல்லம்மா தன் போரிலிருந்து பஸ்ஸில் தூக்கி வந்திருந்த கேனைத் திறந்து ஊற்றினாள். வாளி கொதித்தது. ஆவி சிலுவை உயரத்துக்கு எழுந்தது. சங்கத்தார் மொத்தமும் செல்போனை எடுத்தார்கள். "மேடம், இது…" என்று ஒரு அம்மாள் நெஞ்சில் கை வைத்தார். சுண்ணாம்பு என்றேன். "அண்ணனும் அப்படித்தான் தன்னடக்கமாச் சொல்வாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்லம்மா என்னைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். வெள்ளையடிக்கும் மட்டையை எடுத்துத் தோய்த்து அடிக்கத் தொடங்கினாள். அந்தப் புளுகரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை அங்கேதான் ஒப்புக்கொண்டேன்.

ஜீப்பை இனி நான் ஓட்டுகிறேன். டப்பா காலி, புகை கிடையாது. ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்துவிட்டேன். வண்டியைத் தவிர அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த நத்தைக் கல் ஒன்றுதான். முதுகில் டயர் தேய்த்த தழும்போடு இருக்கிறது. அடுத்த முறை வருகிறவர்களிடம் கடலைச் சொல்லும்போது அதைக் கையில் கொடுப்பேன். தூக்க இரண்டு கையும் வேண்டும். கைதட்ட முடியாது.