பினாங்கில் கேட்ட ரோசக்காவின் குரல்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், சகுனம், கனவு இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இருந்ததே இல்லை. கொழும்பு புதுக்கடைக் கோர்ட்டில் ஒரு புரொக்டரிடம், அதாவது வக்கீலிடம், பதினெட்டு வருஷம் கிளார்க்காக இருந்தவன் நான். சத்தியம் பண்ணிவிட்டுச் சாட்சிக்காரர்கள் அவிழ்த்துவிடும் பொய்களைக் கேட்டுக் கேட்டே காது புளித்துப்போனது. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், இது நடந்தது.

வெள்ளைக்காரன் காலம், இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தி. நானும் மனைவி பார்வதியும் ஐந்து வயது மகள் செல்வியும் கொட்டாஞ்சேனையில் குடியிருந்தோம். எதிர்வீட்டில் ரோசக்கா. புருஷனை இழந்தவர், ஜன்னலோரம் மெஷினைப் போட்டுச் சட்டை தைத்துப் பிழைத்தார். நல்ல மனுஷிதான், ஆனால் யார் படி இறங்கினாலும் பின்னாலிருந்து "எங்க தம்பி போறீங்க?" என்று கேட்காமல் விடமாட்டார். அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், அவருக்கு அது அன்பு. யாழ்ப்பாணத்தில் பிறந்த என் மனைவிக்கோ அது அபசகுனம். போகிறவரைப் பின்னாலிருந்து எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடுமாம், திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துத்தான் மறுபடி புறப்பட வேண்டுமாம். இதனால் நான் தவறவிட்ட ட்ராம் எத்தனை என்று கேட்காதீர்கள்.

பார்வதியின் அண்ணனுக்கு, அதாவது என் மச்சானுக்கு, மலாயாவில் பினாங்குத் தீவில் வேலை. ஊர் சுற்றிப் பார்க்க வாருங்கள் என்று வருஷக்கணக்காகக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவழியாக லீவு கிடைத்தது. கப்பலுக்குப் புறப்பட்ட அன்று ரிக்‌ஷாவில் கால் வைக்கிறேன், பின்னாலிருந்து ஒரு குரல்.

"எங்க தம்பி, குடும்பத்தோட?"

ஒரு மாதமாக அவருக்குத் தெரியும் எங்கே போகிறோமென்று! பார்வதி பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கொஞ்சம் இருங்கோ, தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுவம்."

எனக்கு வந்ததே கோபம். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா அக்கா? அந்த வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டிருந்தா என்ன?" என்று தெரு கேட்கக் கத்திவிட்டேன். ரோசக்காவின் முகம் சுருங்கிப்போனது. உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். கப்பலில் போகும்போதெல்லாம் அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்தது. ஆனாலும் நான் செய்தது சரி என்றே வீம்புக்கு நினைத்துக்கொண்டேன்.

பினாங்கைப் பற்றி என்ன சொல்ல, முன்னால் கடல், முதுகுக்குப் பின்னால் மலை. கயிறு கட்டி இழுக்கிற ரயிலில் உச்சிக்கு ஏறினோம், தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டோம், செல்வி கடலைப் பார்த்து "அப்பா, அந்தப் பக்கம் கொட்டாஞ்சேனையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆறாம் நாள் மச்சான் ஒரு வாடகைக் கார் பிடித்தார், மலைப்பாதை வழியாகத் தீவைச் சுற்றி வரலாமென்று. முந்தின இரவு முழுக்க மழை, காலையில் பளிச்சென்று வெயில். எல்லோரும் ஏறிவிட்டார்கள், நான்தான் கடைசி, வாசல் கேற்றைச் சாத்திவிட்டுக் காரில் கால் வைக்கிறேன்.

"எங்க தம்பி, குடும்பத்தோட?"

நம்பினால் நம்புங்கள். என் முதுகுக்குப் பின்னால், இரண்டு முழத்தில். அதே குரல், "தம்பி"யை நீட்டுகிற அதே நீட்டு. திரும்பினேன், முற்றத்தில் ஒருவரும் இல்லை. காருக்குள் பார்வதி மகளுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள், அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளே இறங்கியிருப்பாளே!

யாரிடமும் சொல்ல வெட்கம். "தண்ணி விடாய்க்குது, இந்தா வாறன்" என்றேன்.

"இப்பதானே தேத்தண்ணி குடிச்சனீங்கள்!" என்று மச்சான் சிரித்தார்.

நான் அடுப்படிக்கு, குசினிக்குள் போய், கையில் அகப்பட்ட கோப்பையில் தண்ணீர் வார்த்து, பலகையில் உட்கார்ந்து குடித்தேன். நீலப் பூப்போட்ட கோப்பை, காது உடைந்தது. வாழ்க்கையில் முதல்தரம் யாரும் சொல்லாமல் நானாகவே சகுனத்துக்குத் தண்ணீர் குடித்தேன். அது ஒரு ஐந்து நிமிஷம் இருக்கும்.

மலைப்பாதையில் மூன்றாவது வளைவு திரும்பியதும் டிரைவர் சடக்கென்று பிரேக் போட்டார். எதிரே பாதையே இல்லை. மலைச்சரிவு மரத்தோடும் பாறையோடும் இறங்கி வீதியை மூடியிருந்தது, சின்னக் கற்கள் இன்னும் உருண்டுகொண்டிருந்தன. அந்த மலாய்க்கார டிரைவர் இரண்டு கையையும் ஏந்தித் தொழ ஆரம்பித்துவிட்டார்.

"அஞ்சு நிமிஷம் முந்தி வந்திருந்தா..." என்று மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார். பார்வதி செல்வியை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் வீதியில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். என் பிள்ளை உயிரோடிருந்தாள், ஐயா. வேறென்ன வேண்டும்?

கொழும்புக்குத் திரும்பியதும் முதல் வேலையாக ரோசக்கா வீட்டுக்குப் போனேன், சீனிப்பாகில் ஊறிய சாதிக்காய் ஒரு போத்தலோடு. மன்னிப்புக் கேட்பது, அந்தக் குரலைப் பற்றி மூச்சுக் காட்டுவதில்லை, இதுதான் யோசனை. தண்ணீர் குடித்த விவரத்தைக்கூட நான் யாருக்கும் சொன்னதில்லை. அவர் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னார்.

"காது உடைஞ்ச கோப்பையில தண்ணி குடிக்கலாமா தம்பி? வீட்டுக்கு ஆகாதே."

"என்னக்கா சொன்னீங்க?" என்றேன்.

"நானா? சாதிக்காய் நல்லா இருக்குன்னு சொன்னேன்." சத்தியமாக அவர் முகத்தில் கள்ளம் இல்லை. பொய்ச்சாட்சியைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியும். நான் குனிந்து அவர் காலைத் தொட்டேன், அவர் பதறிப்போனார்.

ரோசக்கா போய்ச் சேர்ந்து பல வருஷம். நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டோம், செல்விக்கே இரண்டு பிள்ளைகள். அவர் இருந்தவரை அந்தக் கேள்விக்கு நான் ஒருநாளும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். வெளியே போகும்போது கேற்றடியில் நின்று, "சந்தைக்குத்தான் அக்கா, இப்ப வந்திடுவன்" என்பேன். யாரோடு கதைக்கிறீர்கள் என்று பார்வதி கேட்பாள். அந்தக் கோப்பையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசும், ஆனாலும் பதில் சொல்லாமல் நான் படி இறங்குவதில்லை.