கை படாத பட்டன்

போன புதன்கிழமை காலை என் மாமனாரின் வெள்ளைச் சட்டையிலிருந்து ஒரு பட்டன் அறுந்து விழுந்தது. கழுத்துப் பட்டனை விட்டுவிட்டு எண்ணினால், முதலாவது.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பட்டன் என்று இருந்தால் அறுந்து விழத்தான் செய்யும். ஆனால் அந்தச் சட்டையின் ஐந்து பட்டன்களையும் யாரும் போடுவதில்லை, கழற்றுவதுமில்லை. இரண்டு வருடங்களாக அவை சும்மா நிற்பவை. கை படாத பட்டன் எப்படி அறுந்து விழும்?

அதற்கு முன் அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கணபதி என்கிற எங்கள் பகுதியில், வீட்டுக்குப் பின்னாலேயே லேத் பட்டறை. மாமனார் தொடங்கியது, இப்போது என் கணவர் பார்த்துக்கொள்கிறார். எண்ணெயும் இரும்புத் துருவலும் தெறிக்கிற அந்த இடத்துக்கும் மாமனார் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில்தான் போவார். அவரைச் சட்டையின்றித் தெருவில் பார்த்தவர்கள் கிடையாது.

பக்கவாதம் வந்தபோது கால் பிழைத்துக்கொண்டது. வலது கை மட்டும் மடங்கி, நெஞ்சோரம் நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போக ஒருநாள் என் கணவர் அவருக்குச் சட்டை மாட்டிவிட்டார். இறுகிய கையை முழங்கையில் வளைத்து, சட்டைக் கைக்குள் தள்ளி, ஒவ்வொரு பட்டனாகப் போட்டு முடித்தார். அவ்வளவு நேரமும் மாமனார் முகத்தை உயர்த்தி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

“இனிச் சட்டை வேண்டாம்.”

சட்டை வேண்டாம் என்றால் வெளியே போவதும் வேண்டாம் என்று பொருள். எங்களுக்கு அது புரிய ஒரு மாதம் ஆயிற்று. தோளில் துண்டோடு வீட்டுக்குள்ளேயே இருந்தார். யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவார்.

அந்தச் சமயத்தில்தான் ஆனைமலையிலிருந்து அவருடைய தங்கை வந்தார், மகளின் கல்யாணப் பத்திரிகையோடு.

“தாய்மாமன் நீங்க வராம சீர் எப்புடீங்ணா நடக்கும்?”

“எம்பையன் வந்து நிப்பான்.”

“உங்க பையன் எம்புள்ளைக்கு மாமனாகிருவானுங்களா? நீங்க வாங்கண்ணா. துண்டோடவே வாங்க. ஆரு என்ன சொல்லிருவாங்க?”

மாமனார் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டார். பேருந்து ஏறும்வரை அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். கல்யாணத்துக்கு இருபது நாள்கள் இருந்தன.

எனக்கு அப்போது தோன்றியது இதுதான்: பட்டனைப் போடவே தேவையில்லாத சட்டை ஒன்று இருந்தால்?

டி-ஷர்ட் இருக்கிறதே என்பீர்கள். திருப்பூருக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு அதற்கா பஞ்சம்? கப்பலேறாமல் திரும்பிய டி-ஷர்ட்கள் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கிடக்கும். என் கணவரிடமும் பழைய வெள்ளை டி-ஷர்ட்கள் இரண்டு இருந்தன. மார்பில் ஏதோ ஒரு தேசத்துப் படகுப் போட்டியின் பெயர். அதில் ஒன்றை மெதுவாக எடுத்துக் காட்டினேன்.

“ஏனம்மணி, பனியனைப் போட்டுட்டுச் சபையில உக்காரச் சொல்றியா?”

கேட்டது சரிதானே? எங்கள் ஊரில் பின்னலாடைக்கு ஆயிரம் பெயர் வைத்தாலும் அது பனியன்தான். பனியன் உள்ளே போடுவது. சபைக்குச் சட்டை.

ஆகவே இரண்டையும் சேர்த்துவிட்டேன். அவருடைய பழைய பாப்ளின் சட்டையிலிருந்து காலர், பட்டன் வரிசை, அதன் இருபுறமும் ஒரு சாண் அகலத் துணி, கண்ணாடி வைக்கும் பை — இவற்றை அப்படியே வெட்டி எடுத்தேன். ஐந்து பட்டன்களையும் போட்டு, ஓரமாக ஒரு தையல் ஓட்டி, நிரந்தரமாக மூடிவிட்டேன். பக்கங்கள், முதுகு, கைகள் மட்டும் பனியன் துணி. தலை வழியாக மாட்டிக்கொள்ளலாம். மடங்கிய கைக்குத் துணி நெகிழ்ந்து கொடுக்கும். முன்னால் நின்று பார்ப்பவருக்குச் சட்டை... போடுகிறவருக்குப் பனியன்.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா?

பருத்தித் துணியில் ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்துப் பழகிய கை என்னுடையது. மெஷினில் துணியைப் பின்னாலிருந்து இழுத்து இழுத்துத்தான் ஓட்டுவேன். பனியன் துணியை அப்படி இழுத்ததில், தையல் முழுக்கப் பொரித்த அப்பளம்போல் நெளிந்தது. போகட்டும், உடம்புக்குள் போனால் போதும் என்று கணவரிடம் கொடுத்தனுப்பினேன். பாதித் தலையோடு நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“அம்மணி... பஞ்சாரத்துல கவுத்த கோழியாட்ட என்னைய மூடிப்போட்டு எங்க போனே?”

பல வாரங்களுக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கை அது. சிரித்தபடி ஓடிப்போய் உருவினோம். தைத்த நூல் படபடவென்று அறுந்தது.

எதிர்வீட்டு சரசு, தினமும் காலையில் கம்பெனிப் பேருந்தில் ஏறி ஒரு பனியன் கம்பெனிக்குத் தைக்கப் போகிறவள். அன்று மாலை அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். துணியை இப்படி ஒரு இழுப்பு, அப்படி ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள்.

“ஏனுங்க்கா, இத்தனை புஸ்தகம் படிக்கறீங்க... எந்தப் பக்கம் இழுத்தா நல்லாக் கொடுக்குதோ, அந்தப் பக்கம் ஒடம்பைச் சுத்தி வரணும்னு தெரியாதுங்களா? நீங்க நெட்டுக்குத்தலா வெட்டிப்போட்டீங்க. தலை எப்புடிப் போகும்?”

“சரி, இந்த நெளிவுக்கு என்ன பண்றது?”

“இழுக்காதீங்க. அதும்பாட்டுக்குப் போகட்டும். அடியில ஒரு காயிதத்தை வெச்சுச் சேத்தித் தைச்சுப்போட்டு, அப்புறம் காயிதத்தைக் கிழிச்சுருங்க. முனை மழுங்கின ஊசி ஒண்ணு நாளைக்குக் கொண்டாந்து தாரேன்.”

இரண்டாவது டி-ஷர்ட்டை வெட்டினேன். செய்தித்தாள் வைத்தால் வெள்ளைத் துணியில் மை ஒட்டும் என்று, தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை வைத்துத் தைத்தேன். துணிக்கு விரல் நுனியால் வழி மட்டும் காட்டினேன். போன மாதத்து நல்ல நேரமும் ராகு காலமும் ஊசிக்கடியில் வரிசையாக ஓடின. தையல் படிந்து உட்கார்ந்தது.

தைக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். நெய்த துணியில் நீள நூலும் குறுக்கு நூலும் ஒன்றையொன்று தடுத்து நிறுத்துகின்றன. அதனால்தான் அது விறைப்பாக நிற்கிறது. பின்னிய துணியில் ஒரே நூல்தான், வளையத்துக்குள் வளையமாகப் போகிறது. இழுத்தால் இடம் கொடுக்கிறது. விட்டால் தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. நாம் விறைப்புக்குத்தான் கௌரவம் என்று பெயர் வைத்திருக்கிறோம். வளைந்து கொடுப்பதை உள்ளே போட்டு மறைத்துக்கொள்கிறோம்!

கல்யாணத்துக்கு நான்கு நாள்கள் முன்பு, சட்டையை அவர் கட்டில்மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கதவு சாத்திக்கொண்டது. வெகுநேரம் கழித்துத் திறந்தது. முழுச்சட்டையில் நின்றார். தானாகவே மாட்டியிருந்தார்.

“தையல்ல காயிதம் ஒட்டிட்டிருக்குது. ‘மரண யோகம்’னு போட்டிருக்குது அம்மணி. நல்லாப் பாத்துக் கிழி.”

ஆனைமலையில் மேடைமேல் அந்தச் சட்டையும் தோளில் துண்டுமாக அமர்ந்து சீர் செய்தார். தங்கை அழுதுகொண்டே சிரித்தார். தூரத்து உறவினர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “மாமா, கை சரியாப் போச்சாட்ட இருக்குது? பட்டனெல்லாம் போட்டிருக்கறீங்க?”

“அது பாட்டுக்கு நடக்குதுங்க மாப்பிள்ளை” என்றார், அசையாமல்.

அந்த ஒரு சட்டை இப்போது நான்காகிவிட்டது. காலையில் பட்டறைக்கும் போய்வருகிறார். இதுதான் கதை. பட்டனுக்கு வருகிறேன்.

புதன்கிழமை, ஊசிநூலோடு போனேன். அறுந்த பட்டனை இடது கைக்குள் பொத்தி வைத்திருந்தார். சட்டையை வாங்கிப் பார்த்தால், பட்டனுக்கு அருகே நான் ஓட்டிய தையல் இரண்டு அங்குலம் பிரிந்திருந்தது.

“இதை ஆரு மாமா பிரிச்சது?”

“எலி கடிச்சிருக்கும்.”

“எலி நூலை மட்டும் கடிச்சுப்போட்டுத் துணிய உட்டுட்டுப் போகுங்களா?”

மாமனார் மின்விசிறியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நாந்தான் அம்மணி. பல்லுல பிரிச்சேன். மூணு மாசமா இடது கையில பழகறேன். பாதி ஓட்டைக்குள்ள போயிட்டுத் திரும்பி வந்துருது. இன்னைக்கு அறுந்தே போச்சு.” பட்டனை நீட்டினார். “இதை ஒண்ணை மட்டும் நெசப் பட்டனா வெச்சுக் குடு. ஓட்டையக் கொஞ்சம் பெருசு பண்ணு.”

“அஞ்சையும் பிரிச்சுரட்டுங்களா மாமா?”

“பட்டனையே போட்டுட்டிருந்தா பேப்பர் எப்பப் படிக்கறது?”

நேற்றுக் காலை அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தேன். எனக்குப் பின்னால், சாப்பாட்டு மேசையருகில் மாமனார், இடது கையில் அந்த ஒரு பட்டனோடு. நான் திரும்பவில்லை. குக்கர் முதல் விசில் அடித்தது, இரண்டாவதும் அடித்தது. மூன்றாவது அடங்கிய பிறகு நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் பட்டறைப் பக்கம் போயிற்று.

அந்தச் சட்டையில் நான்கு பட்டன்கள் இன்னும் சும்மாதான் நிற்கின்றன. ஒன்று வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.