மஞ்சள் பாலும் தாய்மாமன் மடியும்

மகளுக்குக் காது குத்த நாள் குறித்தபோது என் அண்ணனுக்கு நடுக்குவாதம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அவருடைய வலது கை ஆடிக்கொண்டே இருக்கும். குழந்தை அசைந்தால் ஊசி எங்கே போகும் என்ற யோசனை என்னை விடவில்லை. உன் பெரியம்மா மகன் மடியில் வைக்கலாமே என்றார் மாமியார். அது சரியென்றும் தோன்றியது. அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்றும் தோன்றியது.

நான் படித்தது உயிர்வேதியியல். இந்த நோயில் மூளைச் செல்களுக்குள் ஒரு புரதம் வடிவம் கெட்டு, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடுகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் அதைத் தடுக்கக்கூடும் என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன். பச்சைத் தேயிலையைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். சோதனைக் குழாயில் பார்த்ததுதான், மனிதர்களிடம் உறுதியாகவில்லை என்பதும் அதிலேயே இருந்தது. இருந்தாலும் கோலியனூர் மில்லில் அரைத்த மஞ்சள் தூளை விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுபோய், திண்டிவனத்தில் அண்ணியிடம் கொடுத்தேன். பாலில் கலந்து தரச் சொன்னேன். சமையல் மஞ்சள்தானே என்று நினைத்தேன்.

சில வாரங்களில் அண்ணனுக்குக் காலை நேர நடுக்கம் கூடியது. சட்டைப் பட்டன் போட முடியவில்லை. நோய் முற்றிவிட்டது என்று அண்ணி அழுதார். மருத்துவரிடம் நானும் போனேன். மாத்திரையை எதில் கொடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டார்.

"மஞ்சப் பால்லதான் சார் குடுத்துக்கினு இருக்கேன்" என்றார் அண்ணி. மஞ்சள் பால் வந்த பிறகு வெறும் தண்ணீரில் மருந்து கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

"பால்ல இருக்கிற புரதம் இந்த மாத்திரைய உடம்புல சேர வுடாதும்மா. தண்ணியில குடுங்க. மஞ்சள், குழம்புல போடுறதே போதும்."

மூளையில் திரளும் புரதத்தைப் பற்றி அவ்வளவு வாசித்தவள், பாலில் இருக்கும் புரதத்தை யோசிக்கவில்லை.

தண்ணீருக்கு மாறியதும் நடுக்கம் பழைய அளவுக்குத் திரும்பியது. மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துக்குக் கை ஓரளவு அடங்கும். மடியை மாற்றலாம் என்ற பேச்சை நான் அண்ணனிடம் எடுக்கவில்லை.

மயிலம் கோயிலில் காது குத்தும் பத்தர் வரத் தாமதமானது. மகளை மடியில் வைத்துக் காத்திருந்த அண்ணன், அவர் வந்ததும், "ஜல்தியா குத்துங்க பத்தரே. மாத்திர வேகம் எறங்கிட்டா நான் டான்ஸ் ஆட ஆரம்பிச்சுடுவேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் காது நல்லபடியாக முடிந்தது. இரண்டாவதற்குள் மகள் வீறிட்டாள். அண்ணனின் கையும் ஆடத் தொடங்கியது. பத்தர் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தார். நான் குனிந்து மகளின் தலையை மட்டும் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். அவளை மடியிலிருந்து எடுக்கவில்லை.