கவசம் கழற்றிய வீரன்

மாமா மகனுக்குக் காலாண்டுப் பரீட்சை நெருங்கியதால் அவனுடைய வீடியோ கேமை எங்கள் வீட்டுக்கு நாடு கடத்தினார்கள். பீளமேட்டில் அவர்கள் வீட்டு பீரோவில் பூட்டி வைத்தாலும் சாவியைக் கண்டுபிடித்துவிடுகிறானாம். கருமத்தம்பட்டியில் எங்கள் தறி வீட்டில் இருந்தால் பத்திரம் என்று அத்தை முடிவு செய்திருந்தாள். அங்கே இருப்பது ஒரு பெண் பிள்ளை, அவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்பது அத்தையின் கணக்கு. எனக்கும் அப்போது ஆறாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சை இருந்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சாம்பல் நிற மிஷின் அது. கீரை வெந்த தண்ணீர் நிறத்தில் ஒரு திரை. அதற்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வீரன். அவன் குகைகளையும் பாலங்களையும் தாண்டிப் போய், கடைசியில் ஒரு ராட்சசனைக் கொல்ல வேண்டும். வழியில் கிடைக்கும் வாள், கேடயம், தலைக்கவசம், மார்புக்கவசம், செருப்பு எல்லாவற்றையும் நாம்தான் பார்த்து அவனுக்கு மாட்டிவிட வேண்டும். ஆங்காங்கே இருக்கும் கல் மேடைகளில் அவனை நிறுத்திவிட்டு அணைத்தால், மறுபடி போடும்போது அதே இடத்தில் அதே உடுப்போடு நிற்பான்.

நான் அவனுக்கு இருப்பதிலேயே பெரிய வாளும் இரும்புக் கவசமும் மாட்டினேன். கலியாண வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கு வீட்டிலுள்ள நகையை எல்லாம் போட்டு அனுப்புவதைப்போல. அத்தனை கனத்தில் அவனால் ஒரு பள்ளத்தைக்கூடச் சரியாகத் தாண்ட முடியவில்லை. இரண்டாவது குகையிலேயே ஒரு வாரம் விழுந்து விழுந்து செத்தான்.

அப்புறம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து போட்டுப் பார்த்தால் அவன் மூன்றாவது குகையில் நின்றான். கவசம் இல்லை, கேடயம் இல்லை. கையில் ஒரு சின்னக் கத்தி, காலில் லேசான செருப்பு. நான் மறுபடி எல்லாவற்றையும் மாட்டினேன். மறுநாள் வந்து பார்த்தால் எல்லாம் கழற்றப்பட்டு, அவன் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றான். தறி ஓடும்போது எங்கள் வீட்டில் சொம்புத் தண்ணீர்கூட ஆடும். அந்த ஆட்டத்தில் பொத்தான்கள் தானாக அமுங்கி வீரன் நடக்கிறான் என்று கொஞ்ச நாள் நம்பினேன்.

பேட்டரி விஷயத்திலும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தீர்ந்துபோன பேட்டரியை வெயிலில் வைத்தால் உயிர் வரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். காலையில் நான்கையும் மாடிப்படிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்துவிட்டுப் போவேன். மாலையில் எடுத்துப் போட்டால் புதுசுபோல எரியும். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டில் ஆறு தறிகள். அப்பாவும் சித்தப்பாவும் மாற்றி மாற்றி நின்றார்கள். அம்மாவுக்குச் சமையலும் மாடும். வைகாசியில்தான் சித்தப்பாவுக்குக் கலியாணம் ஆகியிருந்தது. சித்தி சத்தியமங்கலத்துப் பெண், பன்னிரண்டாவது வரை படித்தவள். வந்த மறுவாரத்திலிருந்து நூல் ரூமில் தார் சுற்றும் வேலை அவளுடையதாகிவிட்டது. நெய்யும்போது குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சிறு குச்சிகளில் நூல் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் அந்த வேலை. கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் அவள் வீட்டில் இருப்பதே தெரியாது. அப்பா அவளோடு நேரில் பேச மாட்டார். தம்பி மனைவியோடு மூத்தவர் பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மாவிடமோ என்னிடமோ, இல்லை தூணிடமோ சொல்வார்.

ஆயுத பூசை வந்தது. மறுநாள் விஜயதசமிக்கு மாமா மகன் வந்து கேமை எடுத்துக்கொண்டு போவதாகத் தகவல். அதற்குள் ராட்சசனைக் கொன்றுவிட வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது. வீரன் கடைசிக் கல் மேடை வரைக்கும் வந்திருந்தான், எப்படி வந்தான் என்பது வேறு விஷயம். ராட்சசனின் கதவு எதிரிலேயே இருந்தது. நான் இருபது தடவை உள்ளே போனேன், இருபது தடவையும் செத்தேன்.

அதனால் சாமியிடம் விட்டேன். பூசையில் ஸ்பேனர், கத்தரி, நாடா, எண்ணெய்க் குப்பி, சித்தப்பாவின் மொபெட் சாவி, என் புத்தகங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. பக்கத்தில் கேமையும் வைத்தேன். சித்தப்பா சிரித்துக்கொண்டே அதற்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தார். மறுநாள் காலைவரை எதையும் எடுக்கக் கூடாது. அப்பா அன்றைக்கு நூல் பிசிறு வெட்டக்கூடக் கத்தரியைத் தேட மாட்டார்.

உச்சிப் பூசை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, சாப்பிட்டு எல்லோரும் படுத்துவிட்டார்கள். எங்கள் தறி மட்டுமல்ல, தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் ஊரில் காக்கை கத்துவது கேட்கும். அந்த அமைதியில் எங்கிருந்தோ மெலிசாக ஒரு பாட்டு வந்தது. எனக்கு அது கேமின் சத்தம் என்று உடனே தெரியவில்லை. தறிச் சத்தத்தில் அதன் பாட்டை நான் முழுசாகக் கேட்டதே கிடையாது.

நூல் ரூம் கதவு ஒருக்களித்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில், நூல் மூட்டை மேல் சித்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கட்டைவிரலிலும் குங்குமம். திரையில் வீரன் கவசம் எதுவும் இல்லாமல் ராட்சசனைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். ராட்சசன் தள்ளாடிக்கொண்டிருந்தான். அவன் அப்படித் தள்ளாடி நான் பார்த்ததே இல்லை.

சித்தி தலையைத் தூக்காமல், "ஒரே நிமிசம் கண்ணு. இன்னும் ரெண்டு அடி, அவ்வளவுதான்" என்றாள். அந்தக் குரலில் அவள் அதற்குமுன் பேசியதில்லை. சின்னப் பிள்ளை மாதிரி கெஞ்சலாக இருந்தது.

நான் ஒரு நிமிடம் பொறுத்திருக்கலாம். ஆனால் ஒரு மாதமாக என் வீரனின் கவசத்தைக் கழற்றிய ஆளைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. ஓடிப்போய்க் கூடத்தில் நின்று, "அப்பா, சாமிகிட்ட வெச்ச கேமை எடுத்துச் சித்தி வெளையாடறாங்க" என்று கத்தினேன்.

எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். அப்பாவைக் கண்டதும் சித்தி சட்டென்று எழுந்து கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். வீரன் சாகும்போது வரும் மூன்று சத்தம் அந்த வீடு முழுக்கக் கேட்டது.

அப்பா சித்தியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "சாமிகிட்ட வெச்சத எடுக்கலாமா கண்ணு? இனிமே இப்படிப் பண்ணப்படாது" என்றார்.

"நான் எடுக்கலீங்கப்பா, சித்திதான்..." என்று தொடங்கினேன். அம்மா என் தோளில் நறுக்கென்று கிள்ளினாள். அப்பா கண் முன்னால் நடந்ததையே சரியாகப் பார்க்காமல் என்னைத் திட்டுகிறாரே என்று எனக்கு அழுகை வந்தது.

சித்தப்பாதான் நிலைமையைக் கலகலப்பாக்கினார். "அதுதானே பாத்தேன், சொவத்துக் கடியாரம் எப்படி வாரத்துக்கு நாலு பேட்டரி திங்குதுன்னு" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாகூடத் தூணைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் ஊர் வெயிலின் பெருமை அந்த இடத்தில் முடிந்தது. "பன்னெண்டாவது படிச்சவங்க, பரீட்சை எழுதாம இருக்க முடியல போல" என்று சித்தப்பா மேலும் சொல்ல, சித்தியும் குனிந்தபடி சிரித்தாள். கேமை முந்தானையில் துடைத்து, மறுபடி சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமி முன்னால் பழைய இடத்திலேயே வைத்தாள். வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கும்பிட்டாள்.

மறுநாள் காலை தறிகள் ஓட ஆரம்பித்த பிறகு அத்தையும் மாமா மகனும் வந்தார்கள். அவன் வந்ததும் வராததுமாகக் கேமைப் போட்டுப் பார்த்தான். கடைசிக் கல் மேடையில் நின்ற வீரனைக் கண்டு வாயைப் பிளந்தான். அவனே பாலத்தைத் தாண்டியதில்லையாம்.

"நீயா புள்ள இவ்வளவு தூரம் கொண்டாந்த?"

சித்தி அப்போது பொரிகடலைத் தட்டோடு வந்து நின்றாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ஆமாங்க தம்பி, பாப்பாதான்" என்றாள் சித்தி.

"அப்பறம் எதுக்குக் கவசத்தையெல்லாம் கழட்டிப்போட்ட? ஒரு அடி உழுந்தா செத்துப்போவானே" என்றான் அவன். நான் தட்டைப் பார்த்தேன்.

"நின்னு அடி வாங்கறவனுக்குத்தானுங்க தம்பி அதெல்லாம் வேணும். நிக்காம ஓடீட்டே இருக்கறவனுக்கு எதுக்குங்க அத்தனை கனம்?" என்றாள் சித்தி. அப்புறம் அவசரமாக, "பாப்பா அப்படித்தான் சொல்லீட்டிருந்துச்சு" என்று சேர்த்துக்கொண்டாள்.

அவன் அதெல்லாம் ஆகாது என்று சொல்லி ஒவ்வொன்றாக மாட்டினான். இரும்புக் கவசம், தலைக்கவசம், கேடயம், பெரிய வாள். கதவைத் திறந்து உள்ளே போனான். செத்தான். மறுபடி போனான். தறிச் சத்தத்தில் அந்த மூன்று சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

சித்தி போகவில்லை. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் தோளுக்கு மேலாகத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டின் விளிம்பில் அவள் கட்டைவிரல் அமுங்கி அமுங்கி எழுந்துகொண்டிருந்தது. அடுப்படியில் அத்தனை வேலை கிடக்க இவள் ஏன் இங்கேயே நிற்கிறாள் என்று யோசித்தேன். இன்னும் கொஞ்சம் பொரி வைக்கட்டுமா என்று கேட்க வெட்கப்பட்டு நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

"எனக்குப் போதுங்க சித்தி" என்றேன்.