ஒரு நெல் உயரம்

என் மகன் விசாகப்பட்டினத்துக்குத் திரும்பிப் போனது போன வாரம்தான். அவன் விட்டுப்போன மரக் கப்பல் ஜன்னல் மேடையில் இருக்கிறது. தூசி தட்டுவதற்காகத் தினமும் அதைக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது.

அவன் கடற்படையில் என்ஜின் பிரிவில் இருக்கிறான். சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. அதற்கு ஒருவாறு மனதைப் பழக்கிக்கொண்டிருந்தேன். இந்த முறை லீவில் வந்தவன், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, நீர்மூழ்கிக் கப்பலில் வேலை செய்யப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னான். யாரையும் கட்டாயப்படுத்துவதில்லையாம். விருப்பப்பட்டவர்களை மட்டும்தான் எடுக்கிறார்களாம்.

"நீ வேணாம்னா பேர வாபஸ் வாங்கிக்கிறேம்மா. நான் கிளம்பறதுக்குள்ள சொல்லிடு" என்றான்.

செஞ்சியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கப்பல் ஏன் மிதக்கிறது என்று எத்தனையோ பிள்ளைகளுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக் காட்டியிருக்கிறேன். தண்ணீருக்கு அடியில் போகிற கப்பல் என்றால் எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: அது முழுகிப்போய்விட்டது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் அவன் பெட்டியிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்தான். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம். கல்யாணமுருங்கை மரத்தை இரண்டு பாதியாகக் குடைந்து ஒட்டியிருந்தான். சுரைக்காயை இழுத்து நீட்டியது போல இருந்தது. இனிமேல்தான் இதில் வேலையே இருக்கிறது என்றான். வாரப் பத்திரிகை ஒன்றிலிருந்து கிழித்த படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்தான். கருப்பாக, நீளமாக, பாதி தண்ணீரில் கிடக்கும் நீர்மூழ்கி. அதன் மேல்தளத்தில் ஒரு சிப்பாய் விறைப்பாக நின்றான்.

அளவெடுப்பதற்கு அந்த ஆளைத்தான் பிடித்தான். அவன் கணக்குப்படி, அந்தக் கட்டையின் அளவுக்கு ஒரு மனிதன் சரியாக ஒரு நெல் உயரம் இருக்க வேண்டும். சிங்கவரத்தில் எங்களுக்குக் கால் காணி நிலம் இருக்கிறது. அதற்கு விதைக்கென்று பானையில் எடுத்து வைத்திருந்ததில் ஒரு பிடி கேட்டான். பொறுக்கி, நல்ல மணியாக ஒன்றை எடுத்துக் கட்டையின் மேல் மெழுகு வைத்து நிறுத்தினான். அதன் பிறகு எல்லாவற்றுக்கும் அந்த நெல்தான் அளவு. மேல்தளத்தின் நடுவில் எழும்பி நிற்கிற கோபுரம் மூன்றரை நெல். ஏணிப்படிக்கு அந்த நெல்லின் முழங்கால் எங்கே வரும் என்று யோசித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. நெல்லுக்கு முழங்கால்.

சிரித்துக்கொண்டே இருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நான் கேட்க ஆரம்பித்துவிட்டேன். உள்ளே எந்த வழியாக இறங்குவீர்கள்? அன்று மாலையே மேல்தளத்தில் ஒரு வட்டத் திறப்பு வந்தது. செப்புத் தகட்டில் மூடி, அதற்கு மயிர் போன்ற கம்பியில் கீல், மூடியின் மேல் சுற்றுகிற சிறு சக்கரம், சக்கரத்துக்கு ஆரக்கால்கள். கம்பியெல்லாம் என் கணவரின் சைக்கிள் கடையில் கழற்றிப்போட்ட டைனமோவின் சுருளிலிருந்து பிரித்தது. உள்ளேயிருந்து வெளியே எப்படித் தெரியும் என்றேன். குடைக்கம்பியை அராவி, அதன் தலையில் கடுகுக்குப் பாதியாகக் கண்ணாடிச் சில்லு பதித்தான். மூச்சுக்குக் காற்று எங்கிருந்து வரும் என்று கேட்டபோது ராத்திரிச் சாப்பாட்டைக்கூட மறந்து இன்னொரு குழாய் செய்தான்.

"இவ்ளோ கேக்கறியே டீச்சர், பெல்லு எங்க, பிரேக் எங்கன்னு கேக்கலியே" என்றார் என் கணவர். அவருக்கு இதில் பயமே இல்லையா, அல்லது அதைப் பேச்சில் மறைக்கிறாரா என்று இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி வந்தேன். அதன் வழியாக அவன் வேலையைப் பார்த்த நேரங்களை எப்படிச் சொல்வது? ஊசிமுனையில் பசையைத் தொட்டுத் தொட்டு, தகடுகளின் ஓரத்தில் ஆணித்தலைகளை வரிசையாக வைத்துக்கொண்டு போவான். ஒவ்வொரு புள்ளிக்கும் மூச்சை நிறுத்துவான். நானும் நிறுத்துவேன். சின்ன வயதில் அந்தக் கையால் அவன் ஒரு எழுத்தைக் கோட்டுக்குள் எழுதியதில்லை. அதே கை, வெறும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தெரியாவிட்டாலும் இருக்க வேண்டும் என்று புள்ளி வைத்துக்கொண்டிருந்தது. என் வீட்டில் பிறந்தவனா இவன் என்று எனக்குத் திகைப்பாக இருந்தது.

ஒருநாள் அந்த நெல் மேல்தளத்திலிருந்து தானாகவே சாய்ந்து விழுந்தது. மெழுகு இளகியிருக்க வேண்டும்.

"வழுக்குச்சுன்னா புடிச்சிக்க ஒண்ணுமே இல்லியேடா" என்றேன்.

நிஜக் கப்பலில் கைப்பிடிக் கம்பி துறைமுகத்தில் நிற்கும்போது மட்டும்தான் இருக்குமாம். முழுகுவதற்கு முன்னால் கழற்றிவிடுவார்களாம். அதையெல்லாம் சொன்னவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு ஊசியைச் சுட வைத்து, மேல்தளத்தின் இரு ஓரத்திலும் துளை போட்டு, கம்பிக் கால்கள் நட்டு, குறுக்கே கம்பி ஓட்டினான். அந்த நெல்லின் மார்பு உயரத்துக்குச் சரியாக வந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

வர்ணம் பூசி முடித்ததும் நெல்மணிகள் சிலவற்றைத் திறப்பு வழியாக உள்ளே போட்டான். கடைசியாக, மேலே நின்ற நெல்லை எடுத்து, "இது நானு" என்று சொல்லிப் போட்டான். மூடியை அழுத்தி, ஓரத்தில் மெழுகு தடவினான். கப்பலைத் தூக்கிக் காதருகே ஆட்டிக் காட்டினான். உள்ளே கலகலவென்று சத்தம். அவன் விளையாட்டாகத்தான் செய்தான். எனக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. அடுப்பில் ஏதோ இருப்பதுபோல உள்ளே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டைக்குள் செட்டிக்குளத்துக்குப் போனோம். கப்பலைத் துண்டில் சுற்றி நான் மடியில் வைத்துக்கொண்டேன். கணவர் சைக்கிளை மிதித்தார், மகன் கடையிலிருந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். கப்பலின் அடியில் சைக்கிள் ட்யூப் ரப்பரைக் கீற்றாக வெட்டி விசிறியோடு மாட்டியிருந்தான். ரப்பர் முறுக்கு இருக்கிற வரைக்கும் விசிறி தள்ளும், இரு பக்கமும் வைத்த சின்ன இறக்கைகள் சாய்ந்திருப்பதால் கீழே போகும், முறுக்கு தீர்ந்ததும் தானே மேலே வரும் என்று எனக்கு விளக்கியிருந்தான்.

படியில் குனிந்து கப்பலைத் தண்ணீரில் விட்டான். கொஞ்சதூரம் மேலாகவே போனது. மூக்கு சாய்ந்தது. மேல்தளம், கம்பிகள், கோபுரம், குடைக்கம்பி என்று ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போயின. அதன்பின் குளத்தில் ஒன்றுமில்லை. ஒரு குமிழிகூட இல்லை. ராஜகிரி மலை மட்டும் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. மகனைப் பார்த்தேன். அவன் தண்ணீரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு, வெகுதூரத்தில், தலைகீழ் மலையின் உச்சியைக் கலைத்துக்கொண்டு அது வெளியே வந்தது. கருப்பாக, ஈரமாக, வெயிலில் பளபளத்துக்கொண்டு. கீழே போனதைவிடப் பெரிதாக ஆகிவிட்டதுபோல எனக்குத் தோன்றியது. படியில் உட்கார்ந்துவிட்டேன். கும்பிட வேண்டும்போல இருந்தது. ஆனாலும் அவன் கேட்டதைத் தள்ளிப்போட்டு, கப்பலைத் துடைக்கத் துண்டை நீட்டினேன்.

அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் ஜன்னல் மேடையைப் பெருக்கப் போனேன். குளத்திலிருந்து வந்தபின் கப்பலை அங்கேதான் வைத்திருந்தோம். செப்பு மூடி லேசாகத் தூக்கியிருந்தது. இடுக்கில் வெள்ளையாக ஏதோ நூல் மாதிரி நின்றது. நுனியில் மட்டும் இளம்பச்சை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். முளை. மெழுகைப் பிளந்து, மூடியை முதுகால் தள்ளி, உள்ளே போட்ட நெல் வெளியே வந்துகொண்டிருந்தது.

நான் போட்ட கூச்சலில் இருவரும் ஓடி வந்தார்கள். கணவர் குனிந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்தார். "இன்னா வேணும் இதுக்கு மேல? நல்ல சகுனம். பேசாம அனுப்பு டீச்சர்" என்றார். எனக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது. அந்த நொடியில் மகன் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும், நான் சரி என்று சொல்லியிருப்பேன்.

அவன் தலையாட்டவில்லை. கப்பலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். பூதக்கண்ணாடியை ஓரமாக நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினான். முகம் சுருங்கியது.

"சகுனம்லாம் இல்ல நைனா. தண்ணி உள்ள பூந்துருக்குது. அதான் மொளச்சிருக்குது" என்றான். பிறகு என்னிடம் திரும்பினான். "இந்தக் கம்பிக் காலு ஒண்ணு ஆழமா எறங்கிடிச்சிம்மா. மரம் அங்க மெலிசு. என் தப்புதான், பாக்காம உட்டுட்டேன்."

கைப்பிடிக் கம்பி. நான் கேட்டதற்காக வைத்தது.

அவன் அதைச் சொல்லவில்லை. சொல்லமாட்டான். ஆனால் முளை ஒரு வரம் என்று நான் நம்பிக்கொள்ளட்டும், தன் காரியம் முடியும் என்று அவன் விட்டுவிடவுமில்லை. ஓட்டை இருந்த இடத்தில் என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினான். தண்ணீருக்கு அடியில் இவனோடு இருக்கப்போகிறவர்களின் தாய்மார்களை நினைத்தேன். எங்கோ ஒரு துளி கசிந்தால், சகுனம் பார்க்காமல், இப்படிக் கண்ணாடியை வைத்துத் தேடுகிறவன் ஒருவன் உள்ளே இருப்பான். பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். கூடத்தான் செய்தது. ஆனால் பயத்துக்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிதாக, இன்னொன்று வந்து நின்றது. அதற்கு என்னிடம் பெயரில்லை.

"கம்பிய எடுத்துட்டுக் குழிய அடச்சிடட்டுமா?" என்று கேட்டான். இரண்டு பேருக்கும் தெரியும், அவன் எதைக் கேட்கிறான் என்று.

"எடுத்துடு" என்றேன். "நெசக் கப்பல்ல எப்பிடி இருக்குமோ அப்பிடியே இருக்கட்டும்."

அன்று பூராவும் உட்கார்ந்து ஒவ்வொரு காலாகப் பிடுங்கினான். மரத்தூளையும் பசையையும் குழைத்துக் குழிகளை அடைத்து, தேய்த்து, மறுபடி வர்ணம் பூசினான். நெல்மணிகளை வெளியே தட்டிவிட்டான். மறுநாள் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தோம்.

இப்போது ஆட்டினால் உள்ளே சத்தமில்லை. இன்று காலையும் எடுத்துத் துடைத்தேன். பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் குழிகள் எங்கே இருந்தன என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மேல்தளம் வழவழவென்று இருக்கிறது. விரல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடையில்லாமல் ஓடுகிறது. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.