இருபத்தாறு நடை

மூன்றாம் மாடி நடைக்கூடத்தில் அந்தக் கண்டக்டர் நடந்த நடையை நூலாகச் சுற்றி வைத்திருந்தால், பூமியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மிச்சத்தில் துணி காயப்போடலாம். சரி, சரி, கொஞ்சம் அதிகமாகத்தான் அளந்துவிட்டேன். தெருமுனைப் பால் கடை வரைக்கும் வரும். கடைக்குள் நுழையாது.

நிஜ அளவு அவர் மனைவிக்குத் தெரியும். தையல்காரி, இஞ்ச் டேப் கழுத்தை விட்டு இறங்காது.

நுரையீரல் கெட்டு ஆறு வருஷம். போன மழைக்கு மூச்சடைத்து ஆஸ்பத்திரியில் படுத்ததும், டெப்போ அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது. மறுபடி ஏற வேண்டுமானால் டெப்போ டாக்டர் முன்னால் ஆறு நிமிஷத்தில் முந்நூறு மீட்டர் நடந்து காட்ட வேண்டும். பஸ் இல்லாத அவர் மூடி தொலைந்த பேனா மாதிரி. பக்கத்தில் போனவர்களுக்கெல்லாம் கறை. பக்கத்தில் இருந்தது அவள் ஒருத்திதான்.

நர்ஸ் தாளில் எழுதிக் கொடுத்தாள்: புகை கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடணும், உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடணும், தினமும் நடக்கணும். இருபத்தைந்து வருஷம் விசில் ஊதிய வாய்க்குக் குவியவா சொல்லித் தரணும்? சத்தம்தான் வரவில்லை. கீழ்வீட்டு டிரைவர் படியிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்ன விசிலு, டயர் பஞ்சரா?"

அன்றைக்குத்தான் அவர் கடைசி சிகரெட் பாக்கெட்டை மனைவியின் பட்டன் டப்பாவுக்குள் போட்டார். "தினமும் ஆறு நிமிஷம் நடப்பேன். எண்ணிக்கை என்னிக்கு இறங்குதோ, அன்னிக்கு இது எனக்கு."

வீட்டு வாசலிலிருந்து, படிக்கட்டுப் பக்கம் போட்ட நாற்காலி வரை இருபது டைல்ஸ். ஒரு தடவை கடந்தால் ஒரு நடை. முதல் நாள் பன்னிரண்டு. இரண்டாம் நாளும் பன்னிரண்டு. மூன்றாம் நாள் பத்தில் சுவரைப் பிடித்தார். வீசிங் ஓய்ந்ததும் டப்பாவுக்காகக் கை நீட்டினார்.

"நீங்க எண்ணினதுல ரெண்டு விட்டுப்போச்சு," என்று அவள் சாதித்தாள். மறுநாள் பெருக்கும்போது நாற்காலியை ஒரு டைல்ஸ் வாசல் பக்கம் தள்ளி வைத்தாள். அப்புறம் வாரத்துக்கு ஒன்று. எண்ணிக்கை ஏறியது. பதினைந்து, இருபது, இருபத்தாறு! அவள் போட்ட கணக்குக்குக் கொஞ்சம் வேகமாகவே ஏறியது. மனுஷனுக்கு உண்மையாகவே தேறுகிறது என்று மிஷினுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அசடு.

டாக்டர் முன்னால் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் நின்றார். வயது ஐம்பத்து நாலு. "நடங்க தாத்தா," என்றாள் நர்ஸ். ஆஸ்பத்திரி நடைக்கூடம் முப்பது மீட்டர். யாரும் நாற்காலி போடவில்லை. ஐந்தாவது தடவை பாதி வழியில் அவரைச் சுவர் வாங்கிக்கொண்டது.

"வீட்ல எத்தனை நடைன்னு சொன்னீங்க?"

"இருபத்... தாறு."

"வீடா, தீப்பெட்டியா?" என்று டாக்டர் நிமிராமலே கையெழுத்துப் போட்டார். பஸ் போயிற்று.

மூன்று மாடி ஏற முக்கால் மணி. நாற்காலியில் விழுந்தவர் கையை நீட்டினார். "டப்பா."

அவள் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "இதை இறங்கினதா எடுத்துக்க முடியாதுங்க. முதல்ல ஏறவே இல்ல. நான்தான் நாற்காலிய நகர்த்தினேன். வாரத்துக்கு ஒண்ணு, ஆறு டைல்ஸ்."

அவர் அதிரவில்லை. உதட்டைக் குவித்து, நர்ஸ் சொன்னபடியே மெதுவாக மூச்சை விட்டார்.

"ஆறுன்னா பதினாலு மிச்சம் இருக்கணும். எண்ணிப் பாரு, ஒம்பதுதான். நீ மிஷின் மிதிக்கும்போது... அஞ்சு நான் தள்ளினது."