தவிட்டுக்கு வாங்கிய வாத்தியார் மகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திருவண்ணாமலை நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவு எழுத்தர். ஊரில் யார் எப்போது பிறந்தார் என்று சொல்லக்கூடிய எனக்கு, சொந்த மாமியாரின் பிறப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். என் மனைவி சிரிக்கவில்லை.

மாமியாரின் அப்பா வெள்ளைக்காரன் காலத்துப் பள்ளிக்கூட வாத்தியார். மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிப்போனதால், நாலாவதாகப் பிறந்த மாமியாரைக் குப்பைமேட்டில் கிடத்தினார்களாம். பக்கத்து வீட்டுப் பால்காரம்மா ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கி, வளர்க்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம். வேறொருத்தி பிள்ளை என்று எமன் விட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. அந்த வீட்டில் இதை வேடிக்கையாகத்தான் சொல்லி வந்தார்கள். ஆனால் ஏதோ வாய்த்தகராறில், மாமியாருடைய தம்பியின் மனைவி, "நீங்க நெஜமாவே பால்காரம்மா பெத்த பொண்ணுதான்னு ஊர்ல பேசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டார். அறுபது வயதில் அந்தப் பேச்சு மாமியாரைச் சோறு தின்ன விடவில்லை. பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் வந்து நின்றார்.

கார்த்திகை தீப வேலைக்கு அலுவலகமே கிளம்பிப் போயிருந்த வாரம், பழைய பதிவேடுகளை இறக்கித் தும்மிக்கொண்டே புரட்டினேன். வாத்தியார் பெயரில் தவறிய மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள், பின்னால் பிறந்த தம்பியும் இருந்தார். நடுவில் மாமியார் இல்லை. இன்னும் தேடுகிறேன் என்று சொல்லி நாலு நாள் ஓட்டினேன்.

அப்புறம்தான் புத்தி வந்து பால்காரம்மா பெயரில் தேடினேன். இருந்தது, பெண் குழந்தை. பெற்றோர் என்று பால்காரம்மாவையும் அவர் வீட்டுக்காரரையும் போட்டிருந்தது. தம்பி மனைவி சொன்னது சரிதான் போல என்று மனசு விட்டுப்போயிற்று. சும்மா நாலு பக்கம் முன்னால் தள்ளினால், அதே பால்காரம்மாவுக்கு ஏழு வாரம் முன்பு ஓர் ஆண் குழந்தை. ஏழு வார இடைவெளியில் எந்த மகராசி இரண்டு பிள்ளை பெறுவாள்? திரும்பப் போய், பெண் குழந்தையின் பிறப்பைத் தெரிவித்தவர் யார் என்று பார்த்தேன். முத்து முத்தாக வாத்தியாரின் கையெழுத்து. உறவு என்ற இடத்தில், பக்கத்து வீட்டுக்காரர்.

மறுநாள் மாமியாரை அலுவலகத்துக்கே அழைத்துவந்து காட்டினேன். கையெழுத்தின் கீழே விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். "பொய் சொன்னா தோலை உரிச்சுடுவாரு எங்கப்பா. சர்க்கார் நோட்டுலயே பொய் எழுதியிருக்காரே" என்று அழுதுகொண்டே சிரித்தார். உத்தியோகப் புத்தி எங்கே போகும், ஒரு மனுவும் இரண்டு சாட்சியும் இருந்தால் தப்பான பெயர்களை அடித்துவிட்டு வாத்தியார் பெயரைப் போடலாம் என்றேன்.

மாமியார் பதிவேட்டைத் தானே மூடினார்.

"வேணாங்க மாப்பிள்ளை. எனக்கு ஆயுசு வேணும்னு எங்கப்பா எழுதனது அது. அடிச்சுடாதீங்க."